ஏற முடியாத தேர்

மாத்தளையில் மட்டையால் பஸ் கட்ட உட்காரும் பையன் முதலில் தேடுவது சக்கரத்தை. கூரை, கண்ணாடி, இருக்கை, படி எல்லாவற்றையும் மட்டையில் வெட்டிக்கொள்ளலாம். வட்டத்தை மட்டும் கத்தரியால் வெட்டினால் அது கோணி நின்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சோடாப் போத்தல் மூடி, மருந்துப் போத்தல் மூடி, தம்பி உடைத்துப் போட்ட விளையாட்டுச் சாமான் என்று வீட்டையே புரட்டி, ஒரே அளவான ஆறு வட்டங்களைச் சேர்ப்பான். பஸ்ஸின் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு ரயர் இருப்பதால்தான் ஆறு. அந்த ஆறும் கைக்கு வந்த பிறகுதான் வண்டியின் நீளமே தீர்மானமாகும். பெரிய பஸ்களுக்குப் போடும் 10.00–20 ரயரின் விட்டம் ஒரு மீற்றரைவிடச் சற்று அதிகம். கிடைத்த மூடி 3 சென்டிமீற்றர் என்றால் கணக்கு 35இல் ஒன்று. 11 மீற்றர் பஸ் 31 சென்டிமீற்றர் மட்டைக்குள் அடங்கிவிடும். பஸ் நிலையத்தில் பக்கவாட்டாக எடுத்த படத்தில் ரயர் எத்தனை மில்லிமீற்றர், யன்னல் எத்தனை மில்லிமீற்றர் என்று அடிக்கோலால் அளந்து, மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு சக்கரத்திலிருந்தே பிரித்து எடுப்பான். பள்ளிக்கூடத்தில் விகிதசமன் பாடத்தில் கோட்டை விட்டவன்கூட இந்தக் கணக்கில் தவறுவதில்லை.

இவ்வளவு பாடுபட்டு, ஓட்டவும் முடியாத, ஏறவும் முடியாத வண்டியைச் செய்வதில் மனிதருக்கு என்ன இன்பம்? பல நாடுகளில், பல துறையினர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் பெட்டியில் அடைத்து விற்கும் மாதிரிக் கார்த் தொகுப்பு கடையில் தாராளமாகக் கிடைத்த ஊர்களைச் சேர்ந்தவர்கள். எங்கள் மாவட்டத்துக்கு அந்தப் பெட்டி மிகப் பிந்தித்தான் வந்தது. இன்றும் அது எட்டாத விலைதான். பெட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே வண்டி கட்டும் ஆசை இங்கே இருந்தது. ஆகவே அந்தப் பதில்களை மாத்தளையில் வைத்து உரசிப் பார்த்தால், எது தங்கம், எது மேற்பூச்சு என்று தெரியவரும் என்று நினைக்கிறேன்.

பெட்டியின் கதையிலிருந்து தொடங்கலாம். பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரித் தொகுப்புகள் 1936இல் இங்கிலாந்தில் ‘ஃப்ரொக் பென்குவின்’ என்ற பெயரில் வந்தன. அவை விமானங்கள். 1949இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஃபெர்கூசன் உழவு இயந்திரத்தின் மாதிரியை வார்த்தது. அது விற்பனை முகவர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டவென்றே செய்யப்பட்ட விளம்பரப் பொருள். அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனமும் அப்படித்தான், புதுக் கார்களின் விளம்பர மாதிரிகளைச் செய்துகொண்டிருந்து, 1958இல் ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டக்கூடிய 25இல் ஒரு பங்குத் தொகுப்புகளை விற்கத் தொடங்கியது. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்தில் 1946இல் மரம் அரியும் ஆலையாகத் தொடங்கிய தமியா, மர மாதிரிகளுக்கு வந்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அதன் தலைவராக இருந்த ஷுன்சாகு தமியா, போர்ஷ் 934 காரின் மாதிரியைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக உண்மையான போர்ஷ் 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார். 1976இல் வந்த 12இல் ஒரு பங்கு மாதிரிக்குப் பின்னால் அந்தக் கழற்றல் இருக்கிறது.

அளவுகளுக்கும் வரலாறு உண்டு. சின்னக் கார் சேகரிப்போர் சொல்லும் 43இல் ஒன்று என்ற விந்தையான எண், பிரித்தானியப் பொம்மை ரயிலின் கணக்கு: ஓர் அடிக்கு 7 மில்லிமீற்றர். ரயில் நிலையத்தின் முன் நிறுத்தவென்று வார்த்த கார்கள் அந்த அளவை எடுத்துக்கொண்டன. 24இல் ஒன்று என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம். இந்தக் கணக்கைக் கடைசியில் மறுபடி எடுக்கப்போகிறேன்.

இன்னொரு பழைய முயற்சி எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஜெனரல் மோட்டர்ஸின் பிரிவான ஃபிஷர் பொடி, 1930 முதல் 1968 வரை அமெரிக்கச் சிறுவர்களுக்காக மாதிரி கட்டும் போட்டி ஒன்றை நடத்தியது. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கட்ட வேண்டியிருந்தது கார் அல்ல, நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி. மரம், உலோகம், துணி, நிறப்பூச்சு அனைத்தும் சொந்தக் கைவேலை. பரிசு பல்கலைக்கழகப் படிப்புக்கான பணம். பிறகு சிறுவர் தாமே கற்பனை செய்த கார்களைக் கட்டலானார்கள். 1947இல் அதில் வென்ற சக் ஜோர்டன் என்ற பையன், பிற்காலத்தில் ஜெனரல் மோட்டர்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். உலகின் பெரிய கார் நிறுவனம் ஆள் தேட நினைத்தபோது, எந்தப் பையன் சின்ன வண்டியை ஒழுங்காகக் கட்டுகிறான் என்றுதான் பார்த்தது.

குதிரை வண்டியில் தொடங்கியது என்பதைப் படித்தபோது எனக்கு மாசி மகம் நினைவுக்கு வந்தது. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலின் பஞ்சரத பவனியில் ஐந்து தேர்கள் நகர வீதியில் வலம் வரும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து லொறிகளிலும் பஸ்களிலும் சனம் இறங்கும். தேர் இருப்பிடம் திரும்பிய அடுத்த நாளே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றங்களில் பிள்ளைகளின் தேரோட்டம் தொடங்கிவிடும். ஈர்க்கிலும் மூங்கில் சிம்பும் சட்டம், இனிப்புச் சுற்றிய பளபளப்புத் தாள் சீலை, செருப்பின் அடியை வெட்டிய துண்டுகள் சக்கரம். காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கன்று பிள்ளைகள் இழுக்கும் சிறு சப்பரமும் இந்த இனம்தான்.

இதற்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. அரப்பா, மொகஞ்சதாரோ அகழ்வுகளில் களிமண் வண்டிகளும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்தன. பட்டினப்பாலையில், நெல் கொத்தும் கோழியை விரட்ட எறிந்த பொன் காதணி, பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து அதைத் தடுக்கிறது. செல்வத்தின் படமாக உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் இடம் அது. எனக்கோ, பொன்னைத் தடையாக நினைத்த அந்தப் பிள்ளையின் முகம்தான் தெரிகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்துக்குப் பெயரே சிறுதேர். சூத்திரகரின் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழாக்கியபோது இட்ட பெயர் ‘மண்ணியல் சிறுதேர்’. அதில் வரும் சிறுவன், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு மண் வண்டி வேண்டாம் என்று அழுகிறான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, குறுந்தொகையின் 61ஆம் பாட்டு. தும்பிசேர்கீரனார் பாடியது. தச்சன் செய்து கொடுத்த சிறு வண்டியைப் பிள்ளைகள் கையால் இழுத்துத் திரிகிறார்கள். அதில் ஏறி ஊர்ந்து போக முடியாதுதான், ஆனாலும் இழுப்பதிலேயே அவர்கள் இன்புறுகிறார்கள். தலைவனோடு கூடி வாழ முடியாவிட்டாலும் அவனது நட்பை எண்ணியே இன்புற்றிருக்கிறோம் என்று சொல்ல வந்த பெண் காட்டும் உவமை இது. காதலைச் சொல்ல வந்த இடத்தில், மாதிரி வண்டியின் இன்பத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றிலேயே கூர்மையான கருத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏறுவது வேறு இன்பம், இழுப்பது வேறு இன்பம். முதலாவது இல்லாதபோதும் இரண்டாவது முழுதாக இருக்கும் என்பது அந்தப் பெண்ணின் கட்சி.

இதற்கு நேர் எதிரானது இன்றைக்கு அதிகம் சொல்லப்படும் விளக்கம்: உண்மையான கார் வாங்க முடியாதவர் மாதிரிக் கார் கட்டி ஆசையைத் தீர்க்கிறார். இலங்கையில் இது பொருத்தமாகவும் தோன்றும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பழைய வண்டிகளே கைமாறின, அவற்றின் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. மாதச் சம்பளக்காரருக்கே கார் கனவு என்றால் நாட்சம்பளக்காரருக்கு என்ன சொல்வது. மாதிரித் தொகுப்பின் நிலையும் அதுதான். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோது, 30 டொலர்ப் பெட்டி ஒன்று, கப்பல் கூலியைச் சேர்க்காமலே, 6,000 ரூபாயிலிருந்து 10,800 ரூபாயாகிவிட்டது.

ஆனால் இந்த விளக்கத்தை எங்கள் பிள்ளைகள் பொய்யாக்குகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கட்டுவது காரை அல்ல, பஸ்ஸை. இலங்கை முழுவதும் இளைஞர்கள் மட்டையிலும் ரெஜிபோமிலும் கட்டுவது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) லேலண்டையும் தனியார் பஸ்களையும்தான். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அரசுப் பேருந்துகளை அச்சுப் பிசகாமல் செய்யும் இளைஞர் கூட்டமே இருக்கிறது. அசோக் லேலண்ட் பஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வீட்டு வாசலில் நிறுத்த யார் கனவு காண்கிறார்கள்? பஸ் எல்லோருக்கும் பொது. ஐந்து ரூபாய்க் காலத்திலிருந்து அதில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம். சொந்தமாக்கும் ஆசைதான் காரணம் என்றால் பஸ்ஸைக் கட்டவே கூடாது. அந்தப் பையனைப் பிடித்திருப்பது வேறொன்று. தினமும் தன்னை விழுங்கி வெளியே துப்பும் அந்தப் பெரிய உருவம் எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது, முன்கண்ணாடிக்கு மேலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகை எங்கே பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ளும் தவிப்பு. சாரதிக்குப் பக்கத்தில் எரியும் சின்னப் பிள்ளையார் விளக்கைக்கூட விடாமல் வைக்கிறான். கழுவி வெளுத்த பழைய எக்ஸ்ரே படம் கண்ணாடியாகிறது. பேனாச் சுருளி வில்லாகிறது.

தெரிந்துகொள்ளும் தவிப்பு என்று நான் சொல்வதற்கு மானிடவியலில் ஒரு துணை இருக்கிறது. க்ளோத் லெவி-ஸ்ட்ரோஸ் 1962இல் வெளியிட்ட நூலில் சிற்றுருவங்களைப் பற்றி எழுதினார். பெரிய பொருளைப் புரிந்துகொள்ளப் பாகம் பாகமாகப் போகிறோம். முழுமை கடைசியில்தான் கிட்டும், சிலவேளை கிட்டாமலும் போகும். சிறிதாக்கிய பொருளிலோ முழுமை முதலிலேயே கண்ணுக்குள் அடங்கிவிடுகிறது, பாகங்கள் பிறகு வருகின்றன. அது கையால் செய்யப்பட்டது என்பதால், செய்த முறையும் அதிலேயே தெரிகிறது என்றார்.

இதை மாத்தளை மாவட்டத்திலேயே பார்க்க விரும்புகிறவர் நாவுலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாலந்தா கெடிகேக்குப் போகலாம். பல்லவர் பாணியின் சாயல் படிந்த சின்னக் கற்கோயில் அது. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கம் அந்த இடத்தை மூழ்கடிக்க இருந்ததால், 1970களில் கல் கல்லாகக் கழற்றி, உயரமான கரைக்குக் கொண்டுபோய், 1980இல் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். ஒவ்வொரு கல்லின் இடத்தையும் குறித்து வைத்துக் கழற்றியதால்தான் அது இயன்றது. முன்பு வெறும் பாழடைந்த கட்டடமாகக் கிடந்ததை, கழற்றியவர்கள் அறிந்த அளவுக்கு வேறு யார் அறிந்திருப்பார்கள்? தமியா போர்ஷைக் கழற்றியதும் இந்த வேலையே. தேர் கட்டும் ஸ்தபதிகளும் அதே வழியில் வருகிறவர்கள். தேர் என்பதே உருளும் கோவில். கல்லில் நிற்பதை மரத்தில் சிறிதாக்கி, சக்கரம் பூட்டியது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் அதையே திருப்பிப் போட்டு, மரக் கட்டட வடிவங்களைப் பாறையில் குடைந்தார்கள். மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் பஞ்சரதம். பெரிதைச் சிறிதாக்குவதும், ஒரு பொருளில் இருந்ததை இன்னொரு பொருளில் செய்து பார்ப்பதும் விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. எங்கள் கட்டடக்கலையே அப்படித்தான் வளர்ந்தது.

இரண்டாவது விளக்கம் உழைப்பைப் பற்றியது. மைக்கேல் நோர்ட்டன், டேனியல் மொச்சோன், டான் ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்படுவது. தட்டுமுட்டுப் பெட்டியைத் தாமே பொருத்தியவர்கள், அதே பெட்டி பொருத்தப்பட்டுக் கிடைத்தவர்களைவிட அதற்குக் கூடுதல் விலை தரத் தயாராக இருந்தார்கள். தாம் மடித்த கோணலான கடதாசிக் கொக்கைத் தேர்ந்தவர் மடித்ததற்கு ஏறக்குறைய இணையாக மதித்தார்கள். ஆனால் வேலையை முடிக்க விடாமல் நிறுத்தினாலோ, கட்டியதைப் பிரித்துப் போட்டாலோ அந்த மதிப்புப் போய்விட்டது. இது உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் போதாது. மாதிரி கட்டும் எவர் வீட்டிலும் முடிந்தவற்றைவிட முடியாதவை அதிகம் கிடக்கும். ஒரு வருடமாகக் கதவு பொருந்தாமல் அலமாரியில் இருக்கும் வண்டியை அவர் எறிவதில்லை, எடுத்து எடுத்துப் பார்க்கிறார். முடித்த பெருமையால் மட்டும் இயங்கும் ஆளாக இருந்தால் இவ்வளவு பொறுமை வராது.

அந்தப் பொறுமைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். 1975இல் அவர் மலையேறிகளையும் சதுரங்கம் ஆடுவோரையும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களையும் ஆராய்ந்து, செயலின் கடினமும் செய்பவரின் திறமையும் சரிக்குச் சரி நிற்கும்போது மனம் செயலிலேயே கரைந்துவிடுகிறது, நேரம் தெரிவதில்லை என்றார். மாதிரிக் கார் இதற்கு நல்ல களம், ஏனெனில் அது மன்னிக்காத வேலை. உண்மைக் காரின் நிறப்பூச்சு சுமார் பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. 24இல் ஒன்றாக்கினால் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. அந்தத் தடிப்பில் யாராலும் பூச முடியாது. கதவைச் சுற்றி 4 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் மாதிரியில் அது மயிரிழை. கொஞ்சம் அதிகமாகப் பூசினால் கதவு மறைந்துபோகும். ஆகவே 400 இலக்க அரத்தாளில் தொடங்கி 2000 இலக்கத் தாள் வரை தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள், மெல்லப் பூசுகிறார்கள், காய விடுகிறார்கள், மறுபடி தேய்க்கிறார்கள். பூசும் நேரத்தில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தால் முதலிலிருந்து தொடக்கம்.

மாத்தளைக்கு இந்தப் பொறுமை புதிதில்லை. பல்லேஹப்புவித கிராமத்து அரக்கு வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தண்டு கடைசல் பொறியில் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள், உராயும் சூட்டில் அரக்கு இளகி நிறம் ஏறுகிறது, ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அங்கே பெயர் பெற்றது நக வேலை. சூட்டில் இளகிய அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாலேயே கோலத்தை வைத்து அறுக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலில் அரக்குக் கைவினைக்கு இடம் கொடுத்தது காரணமில்லாமல் அல்ல. அந்தக் கிராமத்துப் பிள்ளை ஒருவரின் கையில் மாதிரிக் காரைக் கொடுத்தால் நிறப்பூச்சில் யாரும் அவரை நெருங்க முடியாது என்று நம்புகிறேன்.

இங்கே வேலை, ஓய்வு பற்றிய ஒரு சர்ச்சையையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கெல்பர் 1999இல் எழுதிய நூலில், பொழுதுபோக்கு என்பது தொழிற்சாலையின் ஒழுங்கை வீட்டுக்குள் கொண்டுவந்த ஏற்பாடு என்று காட்டினார். மாலையிலும் மனிதன் தனக்குத்தானே மேலாளாகித் தன்னையே வேலை வாங்குகிறான். கனடாவின் ரொபர்ட் ஸ்டெபின்ஸ் 1982இலேயே இதை மரியாதையாகப் பார்த்து, ‘தீவிர ஓய்வு’ என்று பெயரிட்டார். பயிற்சி, விடாமுயற்சி, தேர்ச்சி உள்ள ஓய்வு. கெல்பரின் வாதம் பெரிய தொழில் நகரங்களுக்குப் பொருந்தலாம். தோட்டத்தில் நிலைமை வேறு. கொழுந்து எடுப்பவரின் பகல் முழுவதையும் இன்னொருவரின் தராசு அளக்கிறது. எத்தனை கிலோ என்பதை அது சொல்கிறது, எவ்வளவு கழிவு என்பதைக் கணக்கப்பிள்ளை சொல்கிறார். அந்த வீட்டுப் பிள்ளை இரவில் குப்பி விளக்கிலோ மின் வெளிச்சத்திலோ உட்கார்ந்து, தானே எடுத்த அளவுக்குத் தானே வெட்டி, தானே சரி பிழை பார்க்கிறான். அளவுகோல் ஒரு தடவையாவது அவன் கையில் இருக்கிறது. அதை மேலாளின் நீட்சி என்று என்னால் சொல்ல முடியாது.

தொகுப்பைப் பார்த்து ஒட்டுவது படைப்பா, சொன்னபடி செய்வதா என்ற கேள்வியும் பழையது. பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டத்தில் கோர்த்த பாகங்கள், இலக்கமிட்ட வழிகாட்டித் தாள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகள். ஒட்டும் திரவம் பசை மாதிரிப் பிடிப்பதில்லை, இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. காற்றோட்டமான இடத்தில்தான் திறக்க வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழிகாட்டியின்படி செய்வது குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆசானிடம் பாடம் கேட்பதுபோல அது. தமியாவின் ஒரு காரைக் கட்டி முடித்தவருக்கு, முன் சக்கரம் திரும்ப எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பது விரலில் தெரியும். ஆனால் பெட்டி இல்லாமல் கட்டுகிறவன் பாடத்தையே எழுதுகிறான். மோரிஸ் மைனர் 3.76 மீற்றர், 24இல் ஒன்றுக்கு 15.7 சென்டிமீற்றர் என்று தொகுப்பு முன்னமே முடிவு செய்து தந்துவிடும். நம் பையனோ அளவையும் கண்டுபிடித்து, பொருளையும் கண்டுபிடித்து, வழியையும் கண்டுபிடிக்கிறான். இல்லாமையைப் புகழ நான் வரவில்லை. நல்ல கத்தி, நல்ல அரத்தாள், தடிப்புக் குறையாத மட்டை இவ்வளவையாவது பாடசாலைகள் தர வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இந்தத் துறையில் எழுதுவோர் அநேகமாக மௌனம். கார் ஆண்களுடையது, ஆகவே மாதிரிக் காரும் ஆண்களுடையது என்ற நினைப்பு அது. ஆனால் பிள்ளைகளின் தேருக்குச் சீலை தைத்தது, மாலை கட்டியது, தாள் பூ மடித்தது எல்லாம் அக்காமாரும் தங்கைமாரும்தான். மோட்டார் பூட்டும் வேலைக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாமல் விட்டோம். அது எங்கள் பிழை.

நினைவைப் பற்றிய விளக்கத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் எனக்கு அதுதான் நெருக்கம். பழைய வண்டியைக் கட்டுகிறவர் இளமையைத் தேடுகிறார் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுவார்கள். கட்டிப் பார்த்தால்தான் தெரியும், நினைவு எவ்வளவு கண்டிப்பான வேலைக்காரன் என்று. சிவப்பு இ.போ.ச. பஸ்ஸைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பஸ் கம்பனிகள் தேசியமாக்கப்பட்டு அந்தச் சபை தொடங்கியது 1958 ஜனவரி 1. ஆகவே அதற்கு முந்திய வண்டிக்கு அந்தப் பெயரைப் போட முடியாது. எண்பலகையில் ஆங்கில எழுத்தா, சிங்கள ஸ்ரீயா? 1957இல் ஸ்ரீ எழுத்து வந்ததும் தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியதும், தார் பூசியதும், அதைத் தொடர்ந்த கசப்பும் எங்களுக்குத் தெரிந்த வரலாறு. ஒரு சென்டிமீற்றர் எண்பலகையை எழுதத் தூரிகை எடுத்தவர், அந்த ஆண்டுகளை மனதில் ஒரு தரம் ஓட்டாமல் அதை எழுத முடியாது. மாத்தளை பஸ் என்றால் வேறு நினைவுகளும் உண்டு. 1880இல் கண்டியிலிருந்து வந்த ரயில் பாதை எங்கள் ஊரோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே எல்லாம் வீதிதான். அந்த வீதியில், அதற்கும் முந்திய ஆண்டுகளில், மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் தம்புள்ளை வழியாக, காட்டுப் பாதையில், வண்டி ஒன்றும் இல்லாமல், நோயிலும் பசியிலும் விழுந்து விழுந்து, நடந்தே மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். நடந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் சக்கரங்களின்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருப்பதை நான் தற்செயல் என்று எண்ணுவதில்லை.

நான் முதன்முதலில் கட்டிய வண்டி ரின் மீன் தகரத்தில் செய்த லொறி. பாட்டாச் செருப்பை வெட்டிச் சக்கரம், குடைக்கம்பி அச்சு, சோடா மூடி இரண்டு முன்விளக்கு. தகரத்தின் விளிம்பு கையைக் கிழித்த தழும்பு இப்போதும் இருக்கிறது. அதை எங்கள் தோட்டத்துச் சரிவில் நூல் கட்டி இழுத்தபோது நான் லொறியில் இருப்பதாக ஒருபோதும் நினைத்ததில்லை. லொறிக்குப் பக்கத்தில் நடப்பதாகவே நினைத்தேன். குறுந்தொகைப் பெண் சொன்னது எனக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு வகுப்பறையில் கிடைத்தபோது, இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று இருந்தது.

இப்போது கட்டிக்கொண்டிருப்பதும் லொறிதான். எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஏற்றிய பழைய பெட்போர்ட். 24இல் ஒன்று. அந்த லொறியின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. லயத்தில் யாரிடம் கமரா இருந்தது? முன்பாகத்தின் அளவுகளை அதே இன வண்டி ஒன்று நிற்கும் கராஜில் எடுத்தேன். அங்கிருந்த பாஸ் என்னைச் சந்தேகமாகப் பார்த்தவர், விஷயம் தெரிந்ததும் தானே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு மணித்தியாலம் தன் வேலையை விட்டுவிட்டு நின்றார். பின்பெட்டி மட்டும் அந்த வண்டியில் வேறு. எங்கள் லொறிக்குத் தோட்டத்துத் தச்சுப் பட்டறையில் பலகை அடித்தது. அதன் உயரம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

பல நாள் அந்த இடத்தில் வேலை நின்றது. பிறகு ஒரு மாலை, நிறுவை முடிந்த நேரத்தில் அம்மா கொழுந்துச் சாக்கோடு லொறியடிக்கு வருவதை நினைத்துப் பார்த்தேன். அவள் சாக்கைத் தூக்கி எறிய மாட்டாள், குனிந்து இறக்கவும் மாட்டாள். திரும்பி நின்று, தோளிலிருந்தபடியே பலகைமேல் சரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போவாள். பலகை அவள் தோளுக்குச் சரியாக நின்றது. அம்மாவின் தோள் உயரம் நாலடி. அவள் இல்லாத இந்த வீட்டில், கதவு நிலையில் பேரப்பிள்ளைகளை அளந்தபோது பகிடிக்காகத் தன்னையும் அளக்கச் சொன்ன பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

அடிக்கு அரை அங்குலம். நிலத்திலிருந்து இரண்டு அங்குலத்தில் கோடு போட்டு, மட்டையை வெட்டினேன்.